தலையில் உள்ள பெயரை நம்பலாமா?
பழைய பேஸ் கிடாரின் பூர்வீகம் அறியும் வழி

ரயில் தண்டவாளத்தின் பக்கவாட்டை நீங்கள் என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா? மேடான எழுத்துகளில் சில குறிகள் வரிசையாக இருக்கும். எந்த ஆலையில் உருக்கியது, மீட்டருக்கு எத்தனை கிலோ எடை, எந்த ஆண்டு, எந்த மாதம் என்று எல்லாமே அதில் உண்டு. 1984-இல் தொடங்கிய நம் எலஹங்கா சக்கரத் தொழிற்சாலையில் வார்க்கப்படும் சக்கரங்களிலும் இப்படியே எண்கள் பொறிக்கப்படுகின்றன. இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை இத்தகைய குறிகளைப் படிப்பதே என் பிழைப்பாக இருந்தது.

ஒரு ரயில்வே என்ஜினீயருக்கும் பேஸ் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பழைய பொருள் ஒன்று கைக்கு வரும்போது, அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, வழியில் எந்தெந்த உறுப்புகளை மாற்றிக்கொண்டது என்று கண்டறியும் முறை எல்லாப் பொருளுக்கும் ஒன்றுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கிடார் கற்கிறார்கள். புதிய கருவியின் விலை எட்டாக்கனி என்பதால் பழையதைத் தேடி அலைகிறார்கள். 'ஒரிஜினல் அமெரிக்கன் சார்' என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பெற்றோரின் சேமிப்பு கைமாறுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

காக்ஸ் டவுனில் எப்படி வந்தது கிடார்?

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதிக்கு வெளியே இருக்கும் தமிழர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம். ஆங்கிலேயர் காலத்து சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் கலெக்டராக இருந்த ஏ. ஆர். காக்ஸ் பெயரால் அமைந்தது எங்கள் பேட்டை. பின்னாளில் கன்னடக் கவி சர்வக்ஞர் பெயரில் சர்வக்ஞ நகர் என்று ஏட்டில் மாறியது. அந்த சர்வக்ஞருக்கு 2009-இல் சென்னையில் சிலை வைத்தார்கள். அதே மாதம் எங்கள் பக்கத்து அல்சூரில் வள்ளுவர் சிலை திறந்தார்கள். ஊர் வாயில் மட்டும் இன்றும் இது காக்ஸ் டவுன்தான்.

பட்டாளத்தோடும் ரயிலோடும் வந்து குடியேறிய தமிழர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கன்னடியர்கள் என எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம் இது. மாதா கோயில் பாட்டுக் குழு, கல்யாண ரிசப்ஷன் கச்சேரி, மெல்லிசைக் குழு, கிறிஸ்துமஸ் நடனம் என்று எல்லாவற்றுக்கும் கிடார் வேண்டியிருந்தது. பகலில் பணிமனையில் ஸ்பேனர் பிடித்த கை, சனிக்கிழமை இரவில் கிடார் பிடிக்கும். 1991-இல் பொருளாதாரக் கதவு திறப்பதற்கு முன் வெளிநாட்டு வாத்தியத்தை இறக்குமதி செய்வது எளிய காரியம் அல்ல. வெளிநாடு போய் வந்த உறவினர், கப்பலில் வேலை பார்த்தவர், ஊரை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆகியோர் வழியாகத்தான் பெரும்பாலும் வந்தன. மற்றவர்களுக்குக் கல்கத்தாவில் செய்த கிவ்ஸன், ஹாப்னர் போன்ற உள்நாட்டுக் கிடார்கள் கைகொடுத்தன. இதனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் இன்றும் பலவகைக் கருவிகள் உறங்குகின்றன. எது எந்த ஊர்ப் பிறப்பு என்பதுதான் கேள்வி.

நான்கு கம்பிகளின் கதை

பேஸ் கிடார் என்பது மேடையில் கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் வேலை செய்யும் வாத்தியம். நான்கே கம்பிகள், சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மிகத் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். இளையராஜாவின் பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டே இருக்குமே, அதுதான் பேஸ். அது இல்லாவிட்டால் பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு. ஏ. ஆர். ரஹ்மான் பாடல்களில் பேஸ் வாசித்துப் புகழ் பெற்ற கீத் பீட்டர்ஸ் சென்னைக்காரர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மின்சார பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார். ஆனால் உலகம் முழுவதும் பரவியது கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'. லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். கிடார் வாசிக்கவே தெரியாதவர்! அவர் செய்தது ஒரு என்ஜினீயரின் வாத்தியம். கழுத்தும் உடலும் தனித்தனி மரம். நான்கு திருகுகளால் இணைப்பு. எந்த உறுப்பு கெட்டாலும் கழற்றி மாற்றலாம். ரயில் பெட்டிக்கு போகி மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-இல் 'ஜாஸ் பேஸ்' என்ற அடுத்த மாதிரி வந்தது.

அந்த வசதியே இன்று பெரிய குழப்பத்துக்கும் காரணம். கழற்றி மாட்டக்கூடிய பொருளில், தலை ஒரு நாட்டிலும் உடல் இன்னொரு நாட்டிலும் பிறந்திருக்கலாம் அல்லவா?

பெயர் ஒன்று, பிறந்த ஊர் பல

'ஃபெண்டர்' என்று எழுதியிருந்தால் அமெரிக்காவில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 1965-இல் லியோ ஃபெண்டர் தம் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 1985-இல் கம்பெனியில் பணிபுரிந்தவர்களே சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். இதற்கிடையில் 1970களில் ஜப்பானியர் அமெரிக்கக் கிடார்களை அச்சு அசலாகப் பிரதி எடுக்கத் தொடங்கினர். தலைப்பகுதியின் வடிவத்தைக் காப்பி அடித்ததற்காக கிப்ஸன் கம்பெனியின் தாய் நிறுவனம் 1977-இல் இபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. ஃபெண்டர் கம்பெனியோ வேறு வழியைப் பிடித்தது. 1982-இல் ஜப்பானிலேயே தன் பெயரில் உற்பத்தியைத் தொடங்கியது. மாட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் அவை தயாராயின. 1987-இல் மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு தொழிற்சாலை திறந்தது. 'ஸ்குவையர்' என்ற குறைந்த விலைப் பெயரில் கொரியா, இந்தோனேசியா, சீனா என்று பல நாடுகளில் செய்தார்கள்.

1980களின் இறுதியில் ஃபெண்டர் கம்பெனிக்காக 'ஸ்குவையர் 2', 'சன் மஸ்டாங்' என்ற பெயர்களில் நம் இந்தியாவிலும் மின்சாரக் கிடார்கள் தயாராகி ஏற்றுமதி ஆயின. ஆகவே 'மேட் இன் இந்தியா' என்று கண்டதும் போலி என்று தள்ளிவிட வேண்டாம். அதுவும் அசலாக இருக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். பிரதி வேறு, போலி வேறு. தன் சொந்தப் பெயரைத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றின் வடிவத்தைப் பின்பற்றுவது பிரதி. இன்னொருவன் பெயரைத் தன் தலையில் ஒட்டிக்கொண்டு சந்தைக்கு வருவது போலி. 1970களின் ஜப்பானியப் பிரதிகள் சிலவற்றை இன்று வாசிப்பவர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அவற்றின் தலையில் ஃபெண்டர் என்ற ஒட்டுப்படம் ஏறிய கணத்தில்தான் குற்றம் தொடங்குகிறது.

கழற்றாமல் பார்க்கக் கூடியவை

முதலில் டேப்பை எடுங்கள். மேலே கம்பி தாங்கும் 'நட்' என்ற சிறு துண்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் நீளம் கிடைக்கும். (ஃப்ரெட் என்பது நம் வீணையின் மெட்டுதான்.) ஃபெண்டர் பேஸுக்கு 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். ரிக்கன்பேக்கர் 4001 மாதிரிக்கு 33¼ அங்குலம். ஜெர்மானிய ஹாஃப்னரின் வயலின் வடிவ பேஸுக்குச் சுமார் 30 அங்குலம். ஃபெண்டர் என்று எழுதிய பிரிசிஷன் பேஸில் 30 அங்குலம் வந்தால் அங்கேயே விசாரணையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் 34 வந்தால் அசல் என்று ஆகிவிடாது. பிரதி எடுத்தவனிடமும் டேப் இருந்திருக்கும்!

அடுத்து நட்டின் அகலம். பிரிசிஷன் பேஸுக்குப் பொதுவாக 1¾ அங்குலம், ஜாஸ் பேஸுக்கு 1½ அங்குலம்.

மூன்றாவது, காலத்துக்கு ஒவ்வாத உறுப்புகள். பிரிசிஷன் பேஸின் இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957-இல்தான் வந்தது. '1953 மாடல்' என்று சொல்லி அதைக் காட்டினால் அது 1953 அல்ல, அல்லது அந்த பிக்கப் அதனுடையது அல்ல. அதுபோல் தலையில் உள்ள பெயரின் எழுத்து வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியது. தொடக்கத்தில் மெல்லிய கோடுகளில். 1960களின் நடுவில் தடித்த பொன்னிறத்தில். அந்தப் பத்தாண்டின் கடைசியில் தடித்த கறுப்பில். '1962' என்று சொல்லப்படும் கருவியின் தலையில் தடித்த கறுப்புப் பெயர் இருந்தால் யோசிக்க வேண்டும்.

ஒட்டுப்படத்தின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் போலி என்று சிலர் சொல்வார்கள். இது முழு உண்மை அல்ல. பழைய ஃபெண்டர்களில் வார்னிஷுக்கு மேலேயேதான் ஒட்டினார்கள். மேலே வார்னிஷ் பூசி மூடும் பழக்கம் பின்னால் வந்தது.

நான்காவது, வரிசை எண். 1976 வரை உலோகத் தகட்டில் பொறித்தார்கள். அதன் பின் தலைப்பகுதியில். அமெரிக்கக் கருவிகளில் எஸ் என்று தொடங்கினால் 1970கள், ஈ என்றால் 1980கள், என் என்றால் 1990கள், இசட் என்றால் 2000கள். எம்என் என்றால் மெக்சிகோவில் 1990களில் செய்தது. ஜேவி என்றால் ஜப்பானின் முதல் வரிசை, 1982-இல் தொடங்கியது. ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். தகட்டுக் காலத்தில் தொழிலாளி பெட்டியிலிருந்து கைக்கு வந்த தகட்டை எடுத்துப் பொருத்தினார். எனவே எண்கள் வரிசையாகவே ஓடுவதில்லை. இன்னொன்று, தகடு என்பது நான்கு திருகில் கழலும் பொருள். எண்ணும் எளிதில் நகல் எடுக்கக் கூடியது. வரிசை எண் ஒரு சாட்சி; தீர்ப்பு அல்ல.

திருகு கழற்றிய பின்

உண்மை உள்ளேதான் இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தின் நான்கு திருகுகளைப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் முக்கியம். திருகின் தலையைச் சிதைத்துவிட்டால் கருவியின் விலை அங்கேயே இறங்கும்.

கழுத்தின் அடிப்பாகத்தில் 1960களின் ஃபெண்டர்களில் ஒரு முத்திரை இருக்கும். உதாரணமாக '5 ஜூன் 66 சி'. இதை ஜூன் மாதம் 5-ஆம் தேதி என்று படிப்பவர்கள் பலர். அந்த 5 தேதி அல்ல. பிரிசிஷன் பேஸுக்கான மாதிரி எண். ஜாஸ் பேஸுக்கு 7. கடைசி எழுத்து நட்டின் அகலம். ஏ என்றால் 1½ அங்குலம், சி என்றால் 1¾. ஆக முத்திரையில் 7 இருந்து, கருவி பிரிசிஷன் ஆக இருந்தால், அந்தக் கழுத்து வேறோர் உடலுக்குச் சொந்தமானது.

அடுத்து வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர். அதன் முதுகில் எண் உண்டு. 1376634 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 என்பது 1966, 34 என்பது அந்த ஆண்டின் 34-ஆவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. இது எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, தண்டவாளக் குறி போலவே! ஆனால் இது காட்டுவது ஒரு பக்க எல்லை மட்டுமே. 1966 ஆகஸ்டில் செய்த உறுப்பு 1967-இல் பொருத்தப்பட்டிருக்கலாம். 1965-இல் பொருத்தப்பட்டிருக்க முடியாது. பற்றவைத்த ஈயம் மங்கி இருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மல்டிமீட்டரை எடுத்து பிக்கப்பின் மின்தடையை அளக்கலாம். பிரிசிஷன் பேஸில் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ ஓம் வரும். முற்றிலும் வேறாக வந்தால் பிக்கப் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது சுருள் கெட்டிருக்கலாம்.

கடைசியாக மரம். பிக்கப் இருக்கும் குழியைப் பாருங்கள். அமெரிக்க அசலில் ஆல்டர் அல்லது ஆஷ் மரத்தின் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டிய திட மரம் இருக்கும். குழியை இயந்திரம் குடைந்திருப்பதால் மூலைகள் சீராக வளைந்திருக்கும். மலிவுப் பிரதியில் பிளைவுட் அடுக்குகள் தெரியும். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், பிற்காலத்தில் பூசிய இடங்கள் பழைய பூச்சிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

ஒரு நண்பர் வீட்டுக் கிடார்

இவற்றையெல்லாம் சொல்லக் காரணமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பணிமனையில் ஃபிட்டராக இருந்த நண்பர் ஒருவர் காக்ஸ் டவுனில் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஞாயிறு காலை கோயிலில் பேஸ் வாசிப்பார். கல்யாண சீசனில் மெல்லிசைக் குழுவுடன் கோலார், ஓசூர் வரை போய் வருவார். அவர் காலமான பிறகு மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்தக் கிடாரை விற்க வீட்டில் முடிவு செய்தார்கள். தலையில் ஃபெண்டர் என்று எழுதியிருந்தது. வாங்க வந்தவர், "அறுபதுகளின் அசல் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்குதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணா, அவரு அதை ஃபெண்டருன்னுதான் சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. பையன் பக்கத்தில் நின்று, "அங்கிள், நம்பர் எங்கேயும் இல்லை" என்றான்.

சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துக் கழற்றினோம். கம்பி நீளம் 864 மில்லிமீட்டர் சரியாக வந்தது. தலையில் தடித்த கறுப்பு எழுத்து. கழுத்தின் அடியில் மாதிரி எண்ணோ மாதமோ இல்லை. ஜப்பானிய எழுத்தில் சிறிய சிவப்பு முத்திரை ஒன்று. குமிழ்களுக்கு அடியில் இருந்தவை சிறிய அளவு ஆசியத் தயாரிப்புகள். குழியைப் பார்த்ததும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இயந்திரம் குடைந்த குழி அல்ல அது. உளி பட்ட தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. மரமோ ஆல்டரும் இல்லை, ஆஷும் இல்லை. நல்ல தேக்கு! மேல் தகட்டை எடுத்தபோது அதன் அடியில் பென்சிலால் 'காக்ஸ் டவுன், 12-4-83' என்று எழுதியிருந்தது.

அந்த அம்மா சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலம். கச்சேரி முடிந்து திறந்த வண்டியில் வந்ததில் கிடார் நனைந்து உடல் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டதாம். பிளைவுட்! அதன்பின் பல வாரம் சாயங்காலம் தெருக்கோடித் தச்சரின் பட்டறையிலேயே அவர் கிடந்தாராம். கதவு நிலை செய்த தேக்கில் மிச்சம் வாங்கியதாகவும் நினைவு.

ஆக அந்தக் கருவியின் பூர்வீகம் இதுதான்: கழுத்து ஜப்பான், உடல் காக்ஸ் டவுன், தலையில் உள்ள பெயர் யாரோ ஒட்டியது. அதையே ஒரு தாளில் எழுதி, படங்கள் எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். "அசல் என்று எழுதிக் கொடுத்தால் நல்ல விலை வருமே" என்று உறவினர் ஒருவர் இழுத்தார். "வேண்டாண்ணா. அவரு கையால செஞ்சதுக்கு இன்னொருத்தன் பேரைச் சொல்லி விக்க மாட்டேன்" என்று அந்த அம்மா முடித்துவிட்டார். பின்னர் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் இளைஞர் உண்மை தெரிந்தே அதை வாங்கிக்கொண்டார். கட்டணத்தில் பாதிதான் தேறியது. மீதிக்குக் கடன் வாங்கினார்கள். அந்த மேல் தகட்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, பையன் புதுத் தகடு வெட்டிப் பொருத்திக் கொடுத்தான்.

பழுதும் சாட்சி ஆகும்

பழுது பார்த்த தடங்கள் கருவியின் மதிப்பைக் குறைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதே தடங்கள்தான் சில சமயம் அடையாளத்தை நிலைநாட்டும். உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ் கிடாரின் கதை இதற்குச் சான்று.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் 500/1 பேஸ் ஒன்றைச் சுமார் 30 பவுனுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்க அப்போது அவரிடம் பணம் இல்லை. தவிர, அவர் இடது கைக்காரர். வயலின் போல இரு பக்கமும் ஒத்த வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. 1964-இல் அந்தக் கருவியைச் செப்பனிட்டு வர்ணம் மாற்றினார்கள். இரண்டு பிக்கப்புகளையும் ஒரே மரச் சட்டத்தில் பொருத்தினார்கள். 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருடு போயிற்று.

ஐம்பது ஆண்டுகள் அதைப் பற்றித் தகவல் இல்லை. 2018-இல் ஹாஃப்னர் நிறுவனத்தைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் தேடத் தொடங்கினார்; 2023-இல் இரண்டு பத்திரிகையாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். பொதுமக்களிடம் தகவல் கேட்டதில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியைக் காட்டியது. தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் அது கிடந்தது. ஹாஃப்னர் நிறுவனம் பரிசோதித்து அசல் என்று உறுதி செய்ய, 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. 1961-இல் செய்த மற்ற பேஸ்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவற்றில் 1964-இல் நடந்த பழுது வேலை முக்கியமானது. ஆகவே உங்கள் வீட்டு வாத்தியத்தில் எதை மாற்றினாலும் ஒரு குறிப்பு எழுதி, ரசீதையும் படத்தையும் சேர்த்து வையுங்கள். அதுவே அதன் ஜாதகம்.

நம் மலையில் பிறந்த மரம்

தமிழர்களும் கன்னடியர்களும் பெருமைப்படத் தக்க செய்தி ஒன்று உண்டு. கிடார்க் கழுத்தின் மேல், விரல் பதியும் கரும்பழுப்புப் பலகையைக் கவனித்திருப்பீர்கள். முன்பு அதற்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த மரம் அருகிப்போய், 1992-இல் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கிடார்க் கம்பெனிகள் நாடி வந்தது இந்திய ரோஸ்வுட்டை. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்! அமெரிக்காவில் செய்த அசல் என்று நாம் வாய் பிளக்கும் கருவியில், விரல் படும் இடம் கூர்க்கிலோ நீலகிரியிலோ வளர்ந்ததாக இருக்கலாம். 2017-இல் ஈட்டி இனம் முழுவதற்கும் வணிகக் கட்டுப்பாடு வந்தது; முழுமையாகச் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பழைய கிடார் கொண்டுவரும் உறவினர்கள் இதை அறிந்து வைப்பது நல்லது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

முதலாவதாக, பெயருக்கு விலை கொடுக்கிறோமா, ஒலிக்கு விலை கொடுக்கிறோமா என்று முடிவு செய்யுங்கள். பிள்ளை கற்பதற்கு என்றால் கழுத்து நேராக இருக்கிறதா, ஃப்ரெட்டுகள் தேயாமல் இருக்கின்றனவா, கரகரப்பு இல்லையா என்பதே போதும். கொரியக் கருவியோ இந்தோனேசியக் கருவியோ தாராளமாகப் போதும்.

இரண்டாவதாக, பெயருக்கு அதிக விலை கேட்டால், கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முத்திரை, பொட்டென்ஷியோமீட்டர் எண், எழுத்து வடிவம், மரம் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டால் அந்த உறுப்பு மாறியிருக்கலாம். எல்லாம் முரண்பட்டால் பெயரே பொய்.

மூன்றாவதாக, யாரிடமிருந்து வந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். பொய்யான வணிகப் பெயரை ஒட்டுவதும், அதைத் தெரிந்து விற்பதும் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாட்டாக ஸ்டிக்கர் ஒட்டும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, விற்பவர்களுக்கு: தெரிந்ததைத் தெரிந்தபடியும், மாற்றியதை மாற்றியது என்றும் எழுதிக் கொடுங்கள். வாங்கியவர் நாளை இன்னொருவருக்கு விற்கும்போதும் அந்தத் தாள் கூடவே போகும்.

பிழைக்க வந்த ஊரில் நம் குடும்பங்கள் சேர்த்து வைத்தவை பெரும்பாலும் விலை உயர்ந்தவை அல்ல. தையல் மெஷின், வால்வு ரேடியோ, ஆர்மோனியம், கிடார். வார இறுதியில் பரணில் ஏறி அவற்றைக் கீழே இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, திருகைக் கழற்றி உள்ளே உள்ள எழுத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பொருளை வாங்கிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே, யாரிடம், எந்த ஆண்டு, எவ்வளவுக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரும்பிலும் மரத்திலும் உள்ள குறிகளை எவரும் எப்போதும் படிக்கலாம். மனிதர் நினைவில் உள்ளதை அவர் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.